கடைசி மனிதர் யார்? சூலூர்பேட்டை மொட்டைமாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக எழுதியது?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான சூலூர்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். தண்ணீர்த் தொட்டியின் சுவரில் வெள்ளை அடித்து, அதில் பழைய அறிவியல் புனைவுத் தொடர்களைப் போட்டுப் பார்க்கிறோம். எல்லோரும் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. படம் அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். பேச்சு முடிய இரவு பத்தாகும். அப்படி எத்தனையோ வாதங்கள் வந்து போய்விட்டன. 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொடரின் ஒரு எபிசோடு கிளப்பிய வாதம் மட்டும் ஓயவே இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதை முதலிலிருந்து கேட்பதால் எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. என்னோடு ஒத்துப்போகாதவர்கள் சொன்னதையும் அவர்கள் சொன்ன வலுவோடு எழுத முயன்றிருக்கிறேன். கதையின் முடிவு உட்பட எல்லாமே கீழே வருகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிப்பது நல்லது.

எந்த எபிசோடு? கதை என்ன?

'தி எண்ட் ஆஃப் த வேர்ல்ட்'. ரஸ்ஸல் டி. டேவிஸ் எழுதியது. பிபிசியில் 2005 ஏப்ரல் 2 அன்று ஒளிபரப்பானது. 1963இல் தொடங்கிய தொடர் நெடுநாள் நின்றுபோய், 2005இல் மீண்டும் வந்தபோது இது இரண்டாவது எபிசோடு.

டாக்டர் காலத்துக்குள் பயணம் செய்யும் வேற்றுக் கிரகத்துக்காரர். லண்டனில் துணிக்கடையில் வேலை பார்த்த ரோஸ் என்ற பெண்ணை அழைத்துக்கொண்டு அவர் முதன்முதலாகப் போய் நிற்கும் இடம், ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய ஒரு நாள். சூரியன் விரிந்து பூமி அழியப்போகும் நாள் அது. மனிதர்கள் எப்போதோ பூமியை விட்டுப் போய்விட்டார்கள். பிளாட்ஃபார்ம் ஒன் என்னும் விண்நிலையத்தில் பிரபஞ்சத்தின் பெரும் பணக்காரர்கள் கூடியிருக்கிறார்கள், பூமி எரிவதை வேடிக்கை பார்க்க.

அந்த விருந்தினர்களில் ஒருத்தி கசாண்ட்ரா. தானே கடைசித் தூய மனிதர் என்கிறாள். 708 அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு அவளிடம் மிஞ்சியிருப்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒரு தோல், அதில் கண்கள், வாய், கீழே ஜாடியில் மூளை. தோல் காயாமல் இருக்க இரண்டு பேர் கூடவே நின்று நீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுத்த சிகிச்சைகளுக்குப் பணம் வேண்டி, இரும்புச் சிலந்திகளை ஏவி நிலையத்தின் பாதுகாப்பைக் குலைப்பவள் அவள்தான். பலர் சாகிறார்கள். டாக்டர் கடைசி நொடியில் மிச்சமானவர்களைக் காப்பாற்றுகிறார். அந்த அமளியில் பூமி வெடித்துச் சிதறுகிறது. யாரும் பார்க்கவில்லை.

500 கோடி ஆண்டு கழித்தும் கண்டங்கள் இன்றுபோலவே இருக்கின்றனவே, பிழை இல்லையா?

இதே கேள்வியை ரோஸும் கேட்கிறாள். கண்டங்கள் நகரத்தான் செய்தன, பூமியைப் பராமரிக்கும் அறக்கட்டளை அவற்றைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்துவிட்டது என்று டாக்டர் பதில் சொல்கிறார். பழம்பொருளைச் சீர்செய்து காட்சிக்கு வைப்பதுபோல. பிறகு பணம் தீர்ந்துபோனது. இயற்கையின் கையில் விட்டுவிட்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் அக்கா இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தியா உட்கார்ந்திருக்கும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. இதே வேகம் 500 கோடி ஆண்டு நீடித்தால் இரண்டரை லட்சம் கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே 40,000 கிலோமீட்டர்தான்; உலகை ஆறு முறைக்கு மேல் சுற்றிவந்த தூரம் அது. உண்மையில் தட்டுகள் முட்டும், மடியும், திசை மாறும், நேராக ஓடிக்கொண்டிருக்காது. ஆனாலும் அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் அந்த அறக்கட்டளை செய்த வேலையின் அளவு எங்களுக்கு விளங்கியது.

என்னை உறுத்துவது வேறு. பழைய இடம் என்றால் எந்தக் காலத்துப் பழைய இடம்? எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி சாதாரணமாக எழும். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனது. 2022 வரை நெல்லூர் மாவட்டமாக இருந்த எங்கள் ஊர் இப்போது திருப்பதி மாவட்டம். தொண்ணூறு வயதுப் பாட்டி வீட்டை விட்டு நகராமலே சென்னை மாகாணத்திலும் ஆந்திராவிலும் வாழ்ந்திருக்கிறாள். இதில் எந்த ஆண்டின் வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது? அறக்கட்டளை பார்த்து வைத்தது ரோஸுக்குப் பழக்கமான வரைபடம். அதற்கு முன்னாலும் பின்னாலும் பூமிக்கு ஆயிரம் முகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றை மட்டும் அசல் என்று தேர்ந்தெடுத்ததும், தன்னை மட்டும் அசல் மனிதர் என்று கசாண்ட்ரா சொல்வதும் ஒரே வேரில் முளைத்தவை என்று நான் நினைக்கிறேன்.

சூரியன் அப்படி நொடியில் விரியுமா?

விரியாது. சூரியனுக்கு இப்போது சுமார் 460 கோடி வயது. அதன் மையத்தில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகிக்கொண்டிருக்கிறது. 100 கோடி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வீதம் பிரகாசம் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே சூரியன் வந்து விழுங்கும் வரை பூமி பசுமையாகக் காத்திருக்காது. இன்னும் 100 கோடி ஆண்டு வாக்கிலேயே கடல்கள் ஆவியாகத் தொடங்கிவிடும். மையத்து ஹைட்ரஜன் தீர இன்னும் 500 கோடி ஆண்டு. அதன் பிறகு செம்பூதம் என்னும் பெருநட்சத்திரமாக ஊதிப்பெருக மேலும் கோடிக்கணக்கான ஆண்டுகள். 2008இல் ஷ்ரோடர், ஸ்மித் என்ற இரு வானியலாளர்கள் போட்ட கணக்கில், சூரியன் இப்போதைவிட 250 மடங்குக்கு மேல் பெருத்துப் பூமியை விழுங்குவது சுமார் 760 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு. வெடிப்பு கிடையாது; அதற்கு வேண்டிய நிறை சூரியனிடம் இல்லை. மேல் அடுக்குகளை உதிர்த்துவிட்டு வெண்குள்ளன் என்னும் சிறிய, அடர்ந்த நட்சத்திர எச்சமாக அடங்கும்.

கதைக்காரர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். ஈர்ப்புச் செயற்கைக்கோள்கள் சூரியனை இவ்வளவு காலம் தடுத்து நிறுத்தியிருந்தன என்று வசனம் வருகிறது. கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் மதகுப் பக்கம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேங்கிய நீர் ஒழுகி வராது, பாய்ந்து வரும். தடுத்து வைத்த சூரியன் தடை நீங்கியதும் பாய்ந்தது என்று வைத்துக்கொண்டால் காட்சி நிற்கிறது. இயற்பியலாக முழுக்க ஏற்க முடியாது. கதையாக நான் ஏற்கிறேன்.

கசாண்ட்ராதான் கடைசி மனிதரா?

எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான்.

அவள் தரப்பு எளிது. மற்ற மனிதர்கள் நட்சத்திரங்களுக்குப் போய், பிற உயிர்களோடு கலந்து, புது மனிதர், எண்ம (டிஜிட்டல்) மனிதர் என்று ஏதேதோ ஆகிவிட்டார்கள். அவர்களைக் கலப்பினம் என்று அவள் இழிவாகப் பேசுகிறாள். பூமியில் பிறந்து, கலக்காமல் நிற்பது தான் ஒருத்திதான் என்கிறாள். ரோஸ் பொறுக்க முடியாமல் பதிலடி கொடுக்கிறாள். வெட்டி வெட்டி, மனிதத்தன்மை என்று சொல்ல எதுவும் மிஞ்சாமல் போனது நீதான், இந்த அறையில் இருக்கும் கடைசி மனிதர் நான்தான் என்பது அந்தப் பதிலின் சாரம்.

முதன்முறை பார்த்தபோது நான் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. கசாண்ட்ரா தன் பெற்றோரைப் பற்றிச் சொல்கிறாள். பூமி மண்ணில் கடைசியாகப் புதைக்கப்பட்டவர்கள் அவர்கள். அப்பா டெக்சாஸ்காரர், அம்மா ஆர்க்டிக் பாலைவனத்துக்காரி. ஆர்க்டிக் பாலைவனம் என்ற இரண்டே சொல்லில் பூமியின் தட்பவெப்பக் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது, அது ஒரு பக்கம். தூய்மை பேசுகிற இவளே இரண்டு ஊர்க் கலப்பு என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. எந்த இடத்தில் கோடு போட்டு, இதற்கு முன் கலந்தது சரி, இனிமேல் கலந்தால் தவறு என்கிறாள்? கோட்டைத் தன் பிறப்புக்குச் சரியாக ஒரு நாள் பின்னால் போட்டுக்கொள்கிறாள்.

எங்கள் வீட்டில் பருப்பு, பப்பு என்ற இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வரும். புளிக்குழம்பு எங்களுக்குப் புலுசு. அக்கா இரண்டு மொழியிலும் அக்காதான். சென்னையில் இருக்கும் உறவினர்கள் வந்தால் எங்கள் தமிழைக் கேட்டுச் சிரிப்பார்கள். நெல்லூர்க்காரர்கள் எங்கள் தெலுங்கைக் கேட்டுச் சிரிப்பார்கள். பத்து வயதில் ஒரு கல்யாண வீட்டில் நான் தண்ணீருக்கு நீள்ளு என்று சொல்லிவிட்டேன். சொந்தக்காரர் ஒருவர் என் அம்மாவிடம், உன் பெண் தமிழச்சியா தெலுங்குக்காரியா என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ரோஸ் கசாண்ட்ராவை எதிர்த்துப் பேசும்போதெல்லாம் அந்தப் பித்தளைச் சொம்பு என் கண்ணில் வந்து நிற்கிறது. ஆகவே என் பதில்: இல்லை, அவள் கடைசி மனிதர் இல்லை. கலந்து போனவர்களே மனிதர்கள். அவர்கள் பிரபஞ்சமெங்கும் இருக்கிறார்கள்.

ஆனால் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னது இது: "அம்மா, நீ இரண்டும் தெரிந்தவள், அதனால் கலப்பு உனக்கு இனிக்கிறது. என் பேத்திக்கு ஒன்றுதான் தெரியும். என்னை அவள் தாத்தய்யா என்கிறாள், சந்தோஷம்தான். நான் என் அம்மாவைப் பற்றி ஒரு கதை சொன்னால் அவளுக்கு அது பாதிதான் புரிகிறது. மீதிப் பாதி என்னோடு போய்விடும். அந்தப் பெண் கெட்டவள்தான். கொலைகாரிதான். ஆனால் கடைசி ஆளாக இருப்பதன் பயம் பொய் இல்லை."

அன்று இரவு நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. இன்றும் முழுப் பதில் என்னிடம் இல்லை. கலப்பதும் மறப்பதும் ஒன்றில்லை என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. கசாண்ட்ரா அந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டாள். மாமா சொல்வது மறதியை.

பிறகு வரும் 'யூட்டோப்பியா'வில் மனிதர்கள் நம்மைப்போலவே இருக்கிறார்களே?

2007 ஜூன் 16 அன்று ஒளிபரப்பான எபிசோடு அது. ஆண்டு 100 டிரில்லியன். நம் எண்ணில் சொன்னால் 100 லட்சம் கோடி, அதாவது துல்லியமாகக் கோடி கோடி. பேச்சுவாக்கில் கோடானுகோடி என்கிறோமே, அந்த எண் ஒரு கதையில் காலமாகவே வந்து நிற்பதைப் பார்த்து நான் சிலிர்த்துப்போனேன்.

நட்சத்திரங்கள் எல்லாம் அணைந்துவிட்டன; வானம் கரி. அறிவியலோடு இது நன்றாகவே பொருந்துகிறது. மிகச் சிறிய செங்குள்ள நட்சத்திரங்கள் லட்சம் கோடிக் கணக்கான ஆண்டுகள் எரியும். புதிய நட்சத்திரம் பிறக்க வேண்டிய வாயுவும் தீர்ந்து, கடைசி நட்சத்திரங்களும் அணையும் காலம் சுமார் 100 டிரில்லியன் ஆண்டு என்று 1997இல் ஃப்ரெட் ஆடம்ஸ், கிரெகரி லாஃப்லின் என்ற வானியற்பியலாளர்கள் கணித்தார்கள். கதை அதே எண்ணில் நிற்கிறது.

அங்கே மனிதர்கள் நம்மைப்போலவே கைகால்களோடு, பசியோடு, ஒரு ராக்கெட் கிளம்பக் காத்திருக்கிறார்கள். டாக்டர் சொல்லும் விளக்கம்: மனிதர்கள் லட்சக்கணக்கான ஆண்டுகள் வாயு மேகமாக இருந்தார்கள், பிறகு கணினிப் பதிவாக இருந்தார்கள், ஆனாலும் சுற்றிச் சுற்றித் தங்கள் அடிப்படை வடிவத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள். அறிவியல் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. பரிணாமத்துக்குத் திரும்பும் வழி இல்லை, நடிகர்களுக்கு வேஷம் போடும் செலவை மிச்சம் பிடித்ததற்குச் சொன்ன காரணம் என்கிறார். அவர் சொல்வது சரிதான். ஆனாலும் கதைக்குள் இந்தச் செய்தி கசாண்ட்ராவின் வாதத்தை அடியோடு சாய்க்கிறது. அவள் யாரைக் கலப்பினம் என்றாளோ அவர்களின் வழித்தோன்றல்களே கோடி கோடி ஆண்டுக்குப் பிறகும் மனிதர்களாக வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த முகாமின் வாசலில் காவலர்கள் உள்ளே வருகிறவர்களைப் பல்லைக் காட்டச் சொல்வார்கள். கூரிய பல் இருந்தால் மனிதரைத் தின்னும் கூட்டம். பல் நம்மைப்போல இருந்தால் உள்ளே விடுவார்கள். தடா சோதனைச்சாவடியில் இரவு பஸ்ஸை நிறுத்தி டார்ச் அடித்து முகம் பார்த்த காலம் எங்களில் பலருக்கு நினைவிருக்கிறது. அந்தக் காட்சியில் எங்கள் மாடியில் ஒருவரும் பேசவில்லை.

வேற்றுக் கிரகத்தார் எல்லோரும் ஆங்கிலம் பேசுவது எப்படி? ரோஸின் கோபம் நியாயமா?

டாக்டரின் வாகனமான டார்டிஸ், பயணிகளின் மனத்துக்குள் புகுந்து கேட்கும் மொழியை எல்லாம் அவரவர் மொழியாக மாற்றிக் கொடுக்கிறது. இது தெரிந்ததும் ரோஸ் நன்றி சொல்லவில்லை, கோபப்படுகிறாள். என்னைக் கேட்காமல் என் தலைக்குள் எப்படி நுழையலாம் என்று கேட்கிறாள். கூட்டத்தில் இளைஞர்கள், இவ்வளவு வசதியைக் கொடுத்தால் எதற்குக் கோபம் என்றார்கள்.

எனக்கு ரோஸ் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. இரண்டு மொழிக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்கு, ஒரு சொல் புரியாமல் நிற்கும் அந்தக் கணத்தின் அருமை தெரியும். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, கையைப் பார்த்து, தவறாகச் சொல்லித் திருத்திக்கொண்டு கற்ற மொழி நம்முடையதாகிறது. தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் நம் மொழியாகவே கேட்க வைக்கும் கருவி, எதிரில் இருப்பவருக்கு வேறு மொழி இருக்கிறது என்பதையே மறைத்துவிடுகிறது. கேட்டுவிட்டாவது செய்திருக்கலாம்.

ராஃபலோ யார்? இரண்டு நிமிடம் வரும் பாத்திரத்துக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

நிலையத்தில் குழாய் வேலை பார்க்கும் நீல நிறப் பெண். ரோஸ் தனியாக நிற்கும்போது அவளிடம் பேச்சுக் கொடுக்கிறாள். ராஃபலோ உடனே பதில் பேசவில்லை. பேசுவதற்கு ரோஸ் அனுமதி தர வேண்டும். ரோஸுக்கு அது விளங்கவே ஒரு கணம் ஆகிறது. அனுமதி கிடைத்ததும் தன் ஊரைப் பற்றி, வெந்நீர் வராத குழாயைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசுகிறாள். போகும்போது நன்றி சொல்கிறாள். அடுத்த கணம் குழாய்க்குள் சிலந்திகள் அவளை இழுத்துக்கொள்கின்றன.

500 கோடி ஆண்டு கழித்தும் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்பவள் விருந்தினர் முன்னால் வாய்திறக்க உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறது. அவள் செத்ததை அந்த விண்நிலையத்தில் ஒருவரும் பேசுவதில்லை. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு பெரியவர், திண்ணைக்குக் கீழே நின்று பேசப் பழகிய குடும்பத்தில் பிறந்தவர். இந்தக் காட்சியை மட்டும் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். எபிசோடைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இவளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

மர மனிதர்கள் யார்?

ஜேப் என்ற பெண்ணும் அவளுடைய இரு துணைவர்களும் பூமியின் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து பரிணமித்த மரவினம். ஜேப் தன் தாத்தாவின் ஒரு பதியனைத் தொட்டியில் வைத்து டாக்டருக்குப் பரிசளிக்கிறாள். பிறகு, சுழலும் பெரிய விசிறிகளைத் தாண்டி டாக்டர் போகவேண்டி வரும்போது, விசையைக் கீழே பிடித்துக்கொண்டு அனலில் நின்று எரிந்து சாகிறாள். மரத்துக்குத் தீயின் பயம் தெரியாதா? தெரிந்தும் நிற்கிறாள்.

எங்கள் ஊர் செங்காளம்மன் கோயிலுக்குக் கதவு கிடையாது. முன்பு கதவு செய்து வைத்தபோது, தனக்கும் பக்தர்களுக்கும் நடுவில் கதவு வேண்டாம் என்று அம்மன் சொல்லிவிட்டதாகவும், ஒதுக்கிப் போட்ட அந்தப் பலகை துளிர்த்து மரமானதாகவும் ஊரில் சொல்வார்கள். ராக்கெட் ஏவுவதற்கு முன் விஞ்ஞானிகள் வந்து கும்பிட்டுப் போகும் கோயில் அது. ஜேப் தாத்தாவின் பதியனை நீட்டியபோது எங்கள் வீட்டுப் பாட்டி, கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த காட்சியைப் பார்த்தாள்.

500 கோடி ஆண்டு முன்னால் இருக்கும் அம்மாவுக்கு ரோஸ் எப்படிப் போன் செய்கிறாள்?

டாக்டர் அவளுடைய போனில் ஒரு சில்லைச் செருகுகிறார். அதற்கு மேல் விளக்கம் இல்லை, தேவையும் இல்லை. அம்மா வீட்டில் துணி துவைத்துக்கொண்டே சாதாரணமாகப் பேசுகிறாள். போனை வைத்த பிறகுதான் ரோஸுக்கு உறைக்கிறது: இந்த நாளிலிருந்து பார்த்தால் அம்மா இறந்து 500 கோடி ஆண்டு.

1966 கதையிலேயே பூமி அழிந்துவிட்டதே?

ஆம், 'தி ஆர்க்' என்ற கதையில். அதில் சுமார் ஒரு கோடி ஆண்டுக்குப் பிறகே பூமி சூரியனுக்குள் விழுகிறது. இரண்டையும் ஒட்டவைக்கப் பலர் பலவிதமாக முயல்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாகப் பலர் கை மாறி எழுதிய தொடரில் முரண் இருக்கும். இதில் நேரம் செலவிட எனக்கு விருப்பம் இல்லை.

டாக்டர் கசாண்ட்ராவைச் சாகவிட்டது சரியா?

தப்பி ஓடிய அவளை டாக்டர் திரும்ப வரவழைக்கிறார். நீர் தெளிக்க ஆள் இல்லாமல், அனலில் தோல் காய்ந்து இழுபட்டு வெடிக்கிறது. காப்பாற்று என்று ரோஸ் கேட்கிறாள். எல்லாவற்றுக்கும் ஒரு காலம் உண்டு என்று டாக்டர் நின்றுவிடுகிறார்.

கூட்டம் இங்கே சரிபாதியாகப் பிரிகிறது. ஜேப்பும் ராஃபலோவும் செத்ததற்கு இதுதான் நீதி என்கிறவர்கள் உண்டு. சற்று முன்புதான் அவளை அத்தனை வெறுத்துப் பேசிய ரோஸே இரங்குகிறாள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். டாக்டர் தன் சொந்தக் கிரகத்தைப் போரில் இழந்தவர். தன் இனத்தில் மிஞ்சியது தான் ஒருவர்தான் என்று இந்த எபிசோடின் கடைசியில்தான் ரோஸிடம் சொல்கிறார். ஆக, ஒரு கடைசி ஆள் இன்னொரு கடைசி ஆளைச் சாக விடுகிறார். அந்த நேரத்தில் அவர் முகம் நீதிபதியின் முகமாக இல்லை. துக்கத்தில் கல்லாகிவிட்டவரின் முகம். தவறு செய்தார் என்பதே என் முடிவு.

2006இல் வந்த 'நியூ எர்த்'தில் கசாண்ட்ரா பிழைத்துத் திரும்புகிறாள். கலப்பை வெறுத்தவள் அதில் ரோஸின் உடலுக்குள்ளும் டாக்டரின் உடலுக்குள்ளும் புகுந்து வாழ நேர்கிறது. நோயாளி ஒருத்தியின் உடலுக்குள் ஒரு கணம் இருந்து, அவளுடைய தனிமையைத் தெரிந்துகொள்கிறாள். கடைசியில் டாக்டரே அவளைக் கடந்த காலத்துக்கு அழைத்துப் போய், அவளுடைய பழைய தோற்றத்தின் மடியிலேயே சாக வைக்கிறார். முந்தைய எபிசோடில் கொடுக்காததை அவர் இதில் கொடுத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பூமி போவதை யாரும் பார்க்கவில்லை என்று ரோஸ் அழுவது ஏன் இவ்வளவு உறுத்துகிறது?

பார்ப்பதற்கென்றே பணம் கொடுத்து வந்தவர்கள் அவர்கள். உயிர் பிழைக்கும் அவசரத்தில் எல்லோரும் முதுகைத் திருப்பியிருந்த நேரத்தில் அது நடந்து முடிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கல்லும் புழுதியும் மிதக்கின்றன.

2023 செப்டம்பர் 2 அன்று காலை 11.50க்கு, சூரியனை ஆராயும் ஆதித்யா எல்1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. நாங்கள் இதே மாடியில் நின்றோம். கிழக்கே ஏரிக்கு அப்பால் முதலில் ஒரு வெளிச்சம், அதன் கீழே வெள்ளைக் கோடாகப் புகை. ஒலி இல்லை. ஓசை எங்கள் ஊருக்கு வந்து சேர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அது வந்து ஜன்னல் கண்ணாடிகள் அதிரத் தொடங்கும்போது ராக்கெட் எங்கேயோ போயிருக்கும். புதிதாக வந்தவர்கள் ஓசை கேட்டுத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதைத் தவறவிட்டிருப்பார்கள். ரயில்வே மாமா மட்டும் எப்போதும் பத்து நிமிடம் முன்னதாகவே வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கிழக்கைப் பார்த்தபடி நிற்பார். அன்று பேத்தியைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். புகை கலைந்து போகும் வரை இருவரும் அசையவில்லை. அவள் தெலுங்கில் ஏதோ கேட்டாள். அவர் தமிழில் பதில் சொன்னார்.

ரோஸ் அழும்போது நான் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

எதை முதலில் பார்ப்பது? குழந்தைகளை அழைத்து வரலாமா?

'தி எண்ட் ஆஃப் த வேர்ல்ட்', 'நியூ எர்த்', 'யூட்டோப்பியா' என்ற வரிசையில் பாருங்கள். 'யூட்டோப்பியா'வின் மனிதர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பது அதற்கடுத்த இரண்டு எபிசோடுகளில் வருகிறது. அது கொடுமையானது, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். முதல் இரண்டுக்கும் தாராளமாக அழைத்து வரலாம். சிலந்திகளுக்குப் பயப்படும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கசாண்ட்ரா பற்றிய அந்தச் சண்டைக்குப் பிறகு, படம் போடுவதற்கு அரை மணி முன்னதாக மாமா மாடித் தரையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்கிறார். இப்போது நான்கு பேர் வருகிறார்கள். போன வாரம் 'ழ' வந்தது. இன்றைய தெலுங்கில் அந்த ஒலி இல்லாததால் பேத்தி 'ல'வில் தொடங்கி 'ள'வில் போய் நிற்கிறாள். மாமா தன் வாயைத் திறந்து, நாக்கு எங்கே மடிகிறது என்று காட்டுகிறார். அடுத்த ஞாயிறு 'நியூ எர்த்'. ஐந்தரைக்கே வருகிறவர்கள் ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கி வாருங்கள், தரை சொரசொரப்பு, சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது.